இடுப்பு முறிவுக்கு ஏற்ற உலோகம் எது?

இடுக்கி மாவட்டம் உடும்பன்சோலை வட்டத்தைச் சேர்ந்த சாந்தன்பாறை, 2022-ஆம் ஆண்டில் கள்ளிப்பாறைக் குன்றில் நீலக்குறிஞ்சி பூத்தபோது வெளியூரார் பலருக்கும் அறிமுகமாயிற்று. எனினும் அவ்வூரின் அன்றாட வாழ்வு ஏலக்காயை ஒட்டியதேயாகும். ஏலக்காய், செடியின் அடியிலிருந்து தரையை ஒட்டிப் படரும் சரங்களில் காய்ப்பது. ஆதலால் காயெடுக்கும் பெண்கள் நாள் முழுவதும் சரிவில் குனிந்தும் குந்தியுமே வேலை செய்ய வேண்டியிருக்கிறது. ஆடவரோ பருவமழைக்கு முன்னர் நிழல் மரங்களின்மீது ஏறிக் கிளைகளைக் கழிக்கின்றனர். தொழிலாளருள் தமிழர் பலர். போடிநாயக்கனூர், தேவாரம் முதலிய ஊர்களிலிருந்து போடிமெட்டு வழியாக ஜீப்புகளில் நாள்தோறும் வந்து திரும்புவோரும் உண்டு.

இத்தகைய நிலத்தில் விழுதல் இருவிதமாக நேருகிறது. மரத்தின் உச்சியிலிருந்து இளைஞன் ஒருவன் விழுவது ஒன்று; மழை ஈரத்தில் மூதாட்டி ஒருத்தி வீட்டு முற்றத்திலேயே சறுக்கி விழுவது மற்றொன்று. இரண்டிலும் “இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது” என்றே உற்றார் கூறுவர். உண்மையில் பெரும்பாலும் முறிவது இடுப்பெலும்பு அன்று, தொடையெலும்பின் மேல்முனையாகும். மருத்துவமனையிலோ “ராடு வைக்க வேண்டும்”, “பிளேட்டு போதும்”, “பந்து மாற்ற வேண்டும்” என்று வெவ்வேறு சொற்களும், அவற்றோடு வெவ்வேறு விலைகளும் அவர்கள் காதில் விழுகின்றன. விலை மிகுந்ததே சிறந்தது என்று கடன் வாங்குவோரும், விலை கேட்டு அஞ்சி நோயாளியை வீட்டிற்குத் திரும்பக் கொண்டு செல்வோரும் உளர். இவ்விரு முடிவுகளும் தவறாக அமையக்கூடும் என்பதை இச்சாதனங்களை ஒப்பிட்டு ஆராய்ந்தோரின் முடிவுகள் காட்டுகின்றன.

இம்முறிவு அரிதானதன்று. ஹரியானாவின் ரோத்தக் மாவட்டத்தில் நடத்தப்பெற்று 2013-இல் வெளியான ஆய்வொன்றில், ஐம்பது வயதைக் கடந்தவர்களுள் ஆண்டொன்றுக்கு இலட்சத்துக்கு சுமார் 129 பேருக்கு இம்முறிவு ஏற்படுவதாகக் கணக்கிடப்பட்டது. பெண்களிடம் இவ்விகிதம் ஆண்களைவிட மிகுதியாக இருந்தது.

எலும்பின் அமைப்பு

தொடையெலும்பின் மேல்முனை உருண்டையான தலையாகவும், அதன் கீழ் ஒடுங்கிய கழுத்தாகவும், கழுத்து தண்டோடு சேருமிடத்தில் இரு புடைப்புகளாகவும் அமைந்துள்ளது. கழுத்து தண்டோடு ஏறத்தாழ 125 முதல் 130 பாகை வரையுள்ள கோணத்தில் சாய்ந்து நிற்கிறது. சுவரிலிருந்து நீட்டிய தாங்கியின் நுனியில் சுமை வைப்பது போல, உடலின் எடை முழுவதும் இச்சாய்ந்த கழுத்தின் வழியாகவே காலுக்கு இறங்குகிறது.

முறிவு எவ்விடத்தில் ஏற்பட்டது என்பதே முதற் கேள்வியாகும். தலைக்கு வேண்டிய இரத்தத்தில் பெரும்பகுதி, கழுத்தின் மேற்பரப்பை ஒட்டி மேலேறும் சிறு நாளங்களின் வழியாகச் செல்கிறது. தோட்டத்து மேட்டிலுள்ள நீர்த்தொட்டிக்குச் சரிவின்மீதே குழாய் பதித்திருப்பதை இதற்கு ஒப்பிடலாம். சரிவு பெயர்ந்தால் குழாய் அறும், தொட்டி வறளும். கழுத்து முறிந்து இடம் பெயரும்போது அந்நாளங்கள் அறுந்து, தலையெலும்பு உயிரிழக்கும் அபாயம் உண்டாகிறது. மேலும் கழுத்து மூட்டுப்பைக்கு உள்ளே இருப்பதால் முறிந்த முனைகளை மூட்டு நீர் நனைத்துக்கொண்டேயிருக்கும். எலும்பு கூடுவது தாமதமாகும். இதற்கு மாறாகப் புடைப்புகளின் பகுதியில் இரத்த ஓட்டம் செழிப்பானது; அங்கே எலும்பு எளிதில் கூடும். ஆனால் வலிமை மிக்க தசைகள் துண்டுகளை இழுத்துக் காலைக் குறுக்கி வெளிப்புறமாகத் திருப்பிவிடும். சுருங்கக் கூறின், கழுத்து முறிவில் கவலை இரத்தத்தைப் பற்றியது. புடைப்பு முறிவில் கவலை சுமையைப் பற்றியது.

தமிழ்நாட்டிலும் அதன் எல்லைப் பகுதிகளிலும் எலும்பு முறிந்தவரைப் புத்தூர் கட்டுக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. முன்கை, கணுக்கால் முதலிய இடங்களில் கட்டு முறிவின் இருபுறமும் பற்றி நிற்க முடியும். தொடையின் மேல்முனையையோ எத்தனை வைத்தியர் கட்டினும் வெளியிலிருந்து பற்ற இயலாது. அதைச் சூழ்ந்துள்ள தசையின் தடிப்பு அத்தகையது. மேனாட்டு மருத்துவமும் ஒரு காலத்தில் இதில் மேம்பட்டதாக இல்லை. எடை கட்டிக் காலை இழுத்து வைத்து, நோயாளியை இரண்டு மூன்று மாதம் படுக்கையிலேயே கிடத்தினர். அங்ஙனம் கிடந்த முதியோர் பலர் முறிவினால் மாளவில்லை. படுக்கைப் புண், நுரையீரல் அழற்சி, காலில் உறைந்த இரத்தக்கட்டி ஆகியவற்றால் மாண்டனர். எனவே உலோகம் செலுத்துவதன் முதல் நோக்கம், நோயாளியைப் படுக்கையிலிருந்து எழுப்புவதேயாகும்.

ஆணியும் சறுக்குத் திருகும்

1925-இல் பாஸ்டன் நகரத்து மருத்துவர் ஸ்மித்-பீட்டர்சன் மூன்று சிறகுகள் கொண்ட ஆணியொன்றைக் கழுத்தின் வழியாகத் தலைக்குள் செலுத்தினார். அக்காலத்தில் மூட்டைத் திறந்தே இதைச் செய்ய வேண்டியிருந்தது. 1932-இல் சுவீடனைச் சேர்ந்த ஸ்வென் யோஹான்சன் ஆணியின் நடுவே துளையிட்டு, முன்னரே செலுத்திய மெல்லிய கம்பியின்மீது அதைக் கோத்து, எக்ஸ்-ரேயின் துணையோடு சிறு கீறலின் வழியாகச் செலுத்தும் முறையைப் பரப்பினார். இன்றைய திருகுகளும் இவ்வாறே கம்பியின்மீது கோக்கப்பட்டுச் செல்கின்றன.

கழுத்து முறிவுக்கு ஆணி போதுமாயிருந்தது. புடைப்பு முறிவுக்குப் போதவில்லை. ஆணியோடு தண்டின் பக்கத்தில் ஒரு தகட்டையும் இணைத்தனர். இவ்விணைப்பு அசையாததாக இருந்தமையால் வேறொரு தொல்லை தோன்றிற்று. முறிவு கூடுங்காலத்தில் எலும்பு சிறிது அமுங்கிக் குறுகுவது இயல்பு. எலும்பு குறுக, ஆணி குறுகாது நின்றமையால், அதன் நுனி தலையைத் துளைத்துக்கொண்டு மூட்டினுள் புகுந்தது. இதற்கு மாற்றாக ஜெர்மனியின் கீல் நகரில் எர்ன்ஸ்ட் போல் என்பவர் 1951-இல் உரிமை பெற்ற அமைப்பு மிக எளிமையானது. தகட்டோடு ஒரு குழலை இணைத்து, திருகின் அடிப்பகுதி அக்குழலுக்குள் தாழ்ப்பாள் போலச் சறுக்குமாறு செய்தார். நோயாளி ஊன்றி நடக்க நடக்க முறிந்த முனைகள் ஒன்றையொன்று நெருங்கி அமர்கின்றன, திருகு பின்னோக்கிச் சறுக்குகிறது, தலை துளைபடுவதில்லை. எலும்பின் குறுக்கத்தை எதிர்த்து நிற்காமல் அதற்கு இடங்கொடுத்து வெற்றி கண்ட இச்சறுக்குத் திருகு, 1960-களில் அமெரிக்காவிலும் பரவி, உலகெங்கும் புடைப்பு முறிவுக்குரிய பொதுச் சாதனமாயிற்று. மருத்துவமனைப் பேச்சில் “பிளேட்டு” எனப்படுவது பெரும்பாலும் இதுவே.

“ராடு” எனப்படுவதோ வேறு வகையினது. தண்டின் நடுவிலுள்ள மஜ்ஜைக் குழிக்குள் ஒரு நீண்ட ஆணியை மேலிருந்து இறக்கி, அதன் துளை வழியாகத் தலைக்குள் திருகொன்றைச் செலுத்துவது இதன் முறை. குன்ட்ஷர் 1940-இல் இக்கருத்தைச் செயற்படுத்தினார். 1980-களின் பிற்பகுதியில் காமா ஆணி வந்த பின்னரே இது பெருவழக்காயிற்று. எலும்பின் வெளிப்புறத்தே நிற்கும் தகட்டைவிட உட்புறத்தே நிற்கும் ஆணி உடலின் சுமைக்கோட்டிற்கு அருகில் உள்ளது. ஆதலால் வளைக்கும் விசை அதன்மீது குறைவாகவே தாக்குகிறது. இயந்திரவியல் நோக்கில் ஆணியே மேம்பட்டது எனத் தோன்றும்.

ஆனால் நோயாளிகளிடம் ஒப்பிட்டபோது முடிவு அவ்வளவு தெளிவாக அமையவில்லை. தொடக்கக் கால ஆணிகளின் கீழ்நுனியில் தண்டு புதிதாக முறிவது அடிக்கடி நேர்ந்தது. பிற்கால வடிவங்களில் இக்குறை பெரிதும் தணிந்ததாயினும் முற்றும் நீங்கவில்லை. 2022-இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு, ஆணியையும் தகட்டுத் திருகையும் ஒப்பிட்ட 76 ஆய்வுகளை ஒருங்கே ஆராய்ந்தது. நடக்கும் திறனிலோ மரண விகிதத்திலோ இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. ஆணியில் சாதனத்தை ஒட்டிய முறிவுகள் சற்று மிகுதி. புண் சீழ்பிடித்தலும் எலும்பு கூடாமையும் சற்றுக் குறைவு. விலையிலோ ஆணியே கூடுதல்.

இதிலிருந்து ஆணி வேண்டாதது என்று முடிவு செய்தல் பொருந்தாது. முறிவுக்கோடு வழக்கமான திசைக்கு எதிராகச் சாய்ந்திருந்தாலும், முறிவு புடைப்புகளுக்குக் கீழே தண்டில் இறங்கியிருந்தாலும், புடைப்பின் வெளிச்சுவர் உடைந்திருந்தாலும் சறுக்குத் திருகு அளவுமீறிச் சறுக்கும், துண்டுகள் நிலைகுலையும். அங்கே ஆணியே தக்கது. இரண்டே துண்டுகளாகி நிலையாக நிற்கும் எளிய புடைப்பு முறிவுக்குச் சறுக்குத் திருகு போதுமானது. ஆணியின் கூடுதல் விலைக்கு அங்கு ஈடான பயன் இல்லை. பிரிட்டனின் தேசிய வழிகாட்டு நெறிகள் 2011-இல் இதே பிரிவினையைப் பரிந்துரைத்தன.

சாதனத்தின் பெயரைவிடப் பெரிதாக விளைவைத் தீர்மானிப்பது திருகின் நுனி நிற்கும் இடமாகும். 1995-இல் பாம்கார்ட்னர் என்பவரும் அவர் குழுவினரும் 198 முறிவுகளை ஆராய்ந்தனர். முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் எடுத்த இரு எக்ஸ்-ரே படங்களில் திருகின் நுனிக்கும் தலையின் உச்சிக்கும் உள்ள தூரத்தை அளந்து, எக்ஸ்-ரேயின் உருப்பெருக்கத்தைச் சரிசெய்து, இரண்டையும் கூட்டினர். அத்தொகை 25 மில்லிமீட்டருக்கு மேற்படாதிருந்த 120 பேரில் ஒருவருக்குக்கூடத் திருகு தலையை அறுத்துக்கொண்டு வெளிவரவில்லை. அவ்வாறு வெளிவந்த 16 பேரிலும் தொகை அதற்கு மேற்பட்டே இருந்தது. பல்லாயிரம் ரூபாய் விலை வேற்றுமையால் காட்ட இயலாத வேற்றுமையை, அளவுகோலின் சில மில்லிமீட்டர்கள் காட்டிவிட்டன. சாதனம் எதுவாயினும், அதைச் செலுத்தும்போது இருபுறமும் பார்த்துச் சரிபார்க்க ‘சி-ஆர்ம்’ எனப்படும் எக்ஸ்-ரே கருவியும், அதைப் பயன்படுத்தத் தேர்ந்த கையும் இருப்பது இன்றியமையாதது.

கழுத்து முறிவு: காப்பதா, மாற்றுவதா?

மரத்திலிருந்து விழுந்த இளைஞனுக்குக் கழுத்து முறிந்தால், தலையைக் காப்பாற்றவே எல்லா முயற்சியும் செய்ய வேண்டும். அவனுக்கு இன்னும் நாற்பது ஐம்பது ஆண்டு நடை மீதியிருக்கிறது. எந்தச் செயற்கை மூட்டும் அத்தனை காலம் தாங்கும் என்று உறுதி கூறுவதற்கில்லை. முறிவைத் துல்லியமாகப் பொருத்தி, முக்கோணமாக மூன்று திருகுகளையோ சறுக்குத் திருகையோ செலுத்துவர். முறிவு செங்குத்தாயின் துண்டுகள் ஒன்றின்மீதொன்று நழுவும் விசை மிகுதி. ஆதலால் தகட்டோடு கூடிய திருகையே பலர் விரும்புகின்றனர். ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் இவ்விரு முறைகளை ஒப்பிட்ட பன்னாட்டு ஆய்வொன்று 2017-இல் வெளிவந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் பங்குபற்றிய அவ்வாய்வில், ஈராண்டுக்குள் மறு சிகிச்சை தேவைப்பட்டோர் சறுக்குத் திருகில் நூற்றுக்கு 20, மூன்று திருகுகளில் நூற்றுக்கு 22. வேற்றுமை மிகச் சிறிதே.

மூதாட்டியின் கழுத்து முறிந்து இடம் பெயர்ந்திருந்தால் கணக்கு மாறுகிறது. அவருடைய தலையைத் திருகினால் காக்க முயன்றால் ஏறக்குறைய மூவரில் ஒருவர் மறு சிகிச்சைக்கு உட்பட நேரும். அதைத் தாங்கும் வலிமை அவ்வயதில் பலருக்கு இராது. ஆகவே முறிந்த தலையை அகற்றி உலோகத் தலையைப் பொருத்துவது வழக்கம். “பந்து மாற்றுதல்” என்பது இதுவே. அமெரிக்க மருத்துவர் ஆஸ்டின் மூர் 1950-களின் தொடக்கத்தில் அமைத்த தண்டுள்ள உலோகத் தலை, விலை குறைந்தது, விரைவில் பொருத்தத்தக்கது. அதன் தண்டு சிமெண்டு இன்றி எலும்புக்குள் இறுக்கமாகச் செருகப்படுவதால், நாளடைவில் தளர்ந்து தொடை வலியை உண்டாக்குதல் உண்டு. எலும்புச் சிமெண்டில் பதித்த தண்டையும் சிமெண்டு இல்லாத புதிய வகைத் தண்டையும் பிரிட்டனில் 1225 முதியவரிடம் ஒப்பிட்டு 2022-இல் வெளியிட்ட ஆய்வில், சிமெண்டு இட்டோரின் வாழ்க்கைத் தரம் சற்று மேம்பட்டிருந்தது. சாதனத்தை ஒட்டி எலும்பு முறிவது சிமெண்டு இட்டோரில் நூற்றுக்கு 0.5 ஆகவும், மற்றோரில் 2.1 ஆகவும் இருந்தது.

தலையோடு இடுப்புக் கிண்ணத்தையும் மாற்றும் முழு மூட்டு மாற்று இன்னும் விலையுயர்ந்தது. பத்து நாடுகளைச் சேர்ந்த 1495 பேரிடம் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வில், ஈராண்டில் மறு சிகிச்சை முழு மாற்றில் நூற்றுக்கு 7.9, தலை மட்டும் மாற்றியதில் 8.3. மூட்டு நழுவுதலும் நிலையின்மையுமோ முழு மாற்றில் 4.7, மற்றதில் 2.4. முன்பு நன்றாக நடமாடிவந்த, இன்னும் பல ஆண்டு நடக்க வேண்டியவருக்கு முழு மாற்று தக்கதாகலாம். வீட்டுக்குள் மட்டும் நடமாடும் முதியவருக்கு அதன்பொருட்டுக் கடன்படுதல் தேவையற்றது என்றே கூற வேண்டும்.

இவ்விடத்தில் மேனாட்டு ஆய்வுகள் போதிய விடை தராத ஒரு வினா உண்டு. அவை வழக்கமாகக் கையாளும் வினாப்பட்டியல்கள் நோயாளி நாற்காலியிலிருந்து எழுவதையும் படியேறுவதையும் கேட்கின்றன. குந்தியமர்வதைப் பெரும்பாலும் கேட்பதில்லை. ஏலச்சரத்தின் அருகே குந்தியமர்ந்தே கூலி பெறும் பெண்ணுக்கு இதுவே முதன்மையான வினா. மாற்றுத் தலை பொருத்தப்பட்டவர் ஆழ்ந்து குந்தினால் மூட்டு நழுவக்கூடும் என மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர். சம்மணமிடுதலையும் பொதுவாகத் தவிர்க்கச் சொல்கின்றனர். திருகினால் கூடிய எலும்புக்கு இத்தடை பெரும்பாலும் இல்லை. எனவே அறுபது வயதை ஒட்டிய, இன்னும் தோட்ட வேலைக்குச் செல்லும் ஒருவருக்கு எந்தச் சிகிச்சை என்று முடிவு செய்யுமுன், அவர் செய்யும் தொழிலையும் அவர் வீட்டுக் கழிப்பறையின் அமைப்பையும் மருத்துவரிடம் எடுத்துரைத்தல் வேண்டும்.

மலையிலிருந்து மேசைக்கு

சாந்தன்பாறையில் விழுந்தவர் கேரளத்தில் நெடுங்கண்டம், அடிமாலி வட்ட மருத்துவமனைகளுக்கும், அங்கிருந்து இடுக்கி அல்லது கோட்டயம் மருத்துவக் கல்லூரிக்கும் செல்லலாம். போடிமெட்டின் கொண்டையூசி வளைவுகளில் இறங்கி, தேனியை அடுத்த க.விலக்கில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரிக்கும் செல்லலாம். காப்பீட்டு அட்டை எந்த மாநிலத்தது, அது எம்மருத்துவமனையில் செல்லும் என்று புறப்படுமுன் விசாரித்துக்கொள்வது நலம். பாதி வழியில் அறிந்து திரும்புவதால் ஒரு பகல் வீணாகும்.

காலத்தின் மதிப்பை அளக்க முயன்ற ஆய்வு 2020-இல் வெளிவந்தது. இந்தியா உள்பட 17 நாடுகளின் 69 மருத்துவமனைகளில் 2970 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். முறிவு கண்டறிந்த சுமார் 6 மணி நேரத்தில் சிகிச்சை பெற்றோரையும் சுமார் 24 மணி நேரத்தில் பெற்றோரையும் ஒப்பிட்டபோது, மரணம் முறையே நூற்றுக்கு 9, 10 என ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஆனால் முந்தியோர் விரைவில் எழுந்து நின்றனர்; மனக்குழப்பமும் சிறுநீர்த் தொற்றும் அவர்களிடம் குறைவு. இரண்டு நாளைக்குள் முடிக்க வேண்டும் என்பதே இன்று பொதுவாக ஏற்கப்பட்ட வரம்பு. உயர்ந்த சாதனம் வெளியூரிலிருந்து வரட்டும் என்று ஒரு வாரம் காத்திருப்பது, அச்சாதனத்தால் கிடைக்கக்கூடிய சிறு நன்மையைவிடப் பெருந்தீமை பயக்கும்.

வழியில் செய்யத்தக்கவை சிலவே. காலை இழுத்து நேராக்குவதும் எண்ணெயிட்டு நீவுவதும் கூடா. இரு கால்களுக்கும் நடுவே தலையணை அல்லது மடித்த கம்பளியை வைத்துச் சேர்த்துக் கட்டி, பலகை போன்ற உறுதியான தளத்தில் கிடத்திக் கொண்டு செல்ல வேண்டும். முறிந்த முனைகள் ஒன்றினுள் ஒன்று செருகி நின்றால் நோயாளி நொண்டியவாறே நடக்கவும் கூடும். நடக்கிறார் என்பதால் முறிவில்லை என்று கருதி எக்ஸ்-ரே எடுக்காமல் விட்டால், சில நாளில் அம்முறிவு இடம் பெயர்ந்து, எளிய திருகுகளால் முடிந்திருக்க வேண்டிய சிகிச்சை தலையை மாற்றுவதில் முடியும்.

உலோகத்தின் வகை பற்றியும் கேள்வி எழுவதுண்டு. துருப்பிடியா எஃகும் டைட்டானியக் கலவையும் இரண்டுமே பழகியவை. டைட்டானியம் எஃகைவிட ஏறத்தாழ இரு மடங்கு நெகிழ்வானது. ஒரே சாதனத்தில் இரண்டையும் கலத்தல் அரிமானத்துக்கு இடந்தரும். இதைத் தவிர, முதியோரின் முறிவில் உலோகத் தேர்வு பெரிய பொருளன்று.

முதியோரிடம் முறிவுக்குக் காரணம் எலும்பின் நலிவு. அதை உலோகம் மாற்றுவதில்லை. இடுப்பு முறிவுக்குச் சிகிச்சை பெற்ற 2127 பேரிடம் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்டுக்கொரு முறை சோலெட்ரோனிக் அமிலம் ஊசிவழி பெற்றோரிடம் புதிய முறிவுகள் நூற்றுக்கு 35 பங்கும் மரணம் 28 பங்கும் குறைந்தன. எலும்பை வலுவாக்கும் இம்மருந்து பற்றி வீடு திரும்புமுன் கேட்கத் தவறலாகாது. மறு காலின் முறிவே பலருக்கு அடுத்து வருவது.

முதியவருக்கு எலும்பு கூடிய பின்னர்ச் சாதனத்தைக் கழற்ற வேண்டியதில்லை. வலியோ தொற்றோ நேர்ந்தால் மட்டுமே கழற்றுவர். அப்போது, ஒவ்வொரு வகை ஆணிக்கும் கழற்றும் கருவி தனித்தனியாகையால், உள்ளே இருப்பது எது என்று தெரியாவிடில் மருத்துவர் இடர்ப்படுவார். ஆகையால் சாதனத்தின் பெயர், அளவு, தயாரிப்பு எண் ஆகியவை அச்சிட்ட ஒட்டுச்சீட்டை மருத்துவமனை தரும் வெளியேற்றக் குறிப்பில் ஒட்டித் தரும்படி கேட்டு வாங்கி, எக்ஸ்-ரே படங்களோடு சேர்த்து வீட்டில் பத்திரப்படுத்த வேண்டும். மலையில் ஒரு பருவமும் சமவெளியில் ஒரு பருவமுமாக ஊர் மாறி வேலை செய்வோர், செல்லுமிடமெல்லாம் அதன் படியொன்றை உடன் கொண்டு செல்லுதல் நன்று.